காய்ச்சலும் கட்டியும்

காய்ச்சலைப் பகையென்று எண்ணுவதே உலக வழக்கு. உடம்பு சுட்டால் நெற்றியில் ஈரத்துணி போடுகின்றோம்; கொத்தமல்லியும் வேர்க்கொம்பும் அவித்துக் கொடுக்கின்றோம்; அதற்கும் அடங்காவிடின் வைத்தியரை நாடுகின்றோம். அத்தகைய காய்ச்சலை வேண்டுமென்றே வருவித்து, அதனைக் கொண்டே புற்றுநோயைத் தீர்க்க முயன்ற வைத்தியர் ஒருவர் இருந்தார். நியூயோர்க் நகரத்துச் சத்திரசிகிச்சை நிபுணர் வில்லியம் கோலி என்பவரே அவர். 1862இல் பிறந்து 1936இல் மறைந்த அவரது கூற்றை அவர் காலத்தவருட் பலர் ஏற்றுக்கொள்ளவில்லை. அவர் கண்டது மெய்தானா என்னும் வழக்கு ஏறத்தாழ நூறாண்டு நீடித்தது. அவ்வழக்கிற் பிற்காலத்தே வந்து சாட்சி கூறியது ஓர் எலி. நேயர்களே, அந்த வரலாற்றையே இன்று சொல்ல விழைகின்றேன்.

1890ஆம் ஆண்டு இலையுதிர் காலத்திற் கோலியிடம் பதினேழு வயதுப் பெண்ணொருத்தி வந்தாள். பெசி டஷீல் என்பது அவள் பெயர். புகைவண்டிப் பயணமொன்றில் இருக்கைகளுக்கிடையே அகப்பட்டு அவளது வலக்கை நசுங்கியதாம். வீக்கம் வடியவில்லை, நோவும் ஓயவில்லை. சிறு காயந்தான் என்று எண்ணிய இடத்தில் எலும்பைச் சார்ந்த புற்றுநோய் இருப்பது தெரியவந்தது. சாக்கோமா என்பர் அதனை. அந்நாளைய முறைப்படி முழங்கைக்குக் கீழே கையைத் துண்டித்தார்கள். ஆயினும் நோய் உடலெங்கும் பரந்துவிட்டது. 1891ஆம் ஆண்டு சனவரி மாதம் அவள் இறந்தாள். பெருஞ்செல்வர் றொக்பெல்லரின் மகனுக்கு அவள் உற்ற தோழி. பிற்காலத்தில் அக்குடும்பத்தார் புற்றுநோய் ஆராய்ச்சிக்கு வாரி வழங்கியதற்கு இத்துயரமும் ஒரு காரணம் என்பர்.

கோலி அப்பொழுது படித்துப் பட்டம் பெற்று ஓரிரண்டு ஆண்டே ஆன இளைஞர். தம் கண்முன்னே நிகழ்ந்த அந்தச் சாவு அவரை வாட்டியது. நூல்களில் விடை காணாத அவர், நியூயோர்க் வைத்தியசாலையின் பழைய ஏடுகளைப் புரட்டலானார். அவற்றுள் ஒரு குறிப்பு அவர் கண்ணிற் பட்டது. ஜேர்மனியிலிருந்து வந்து குடியேறிய ஏழைத் தொழிலாளி ஒருவனுக்குக் கழுத்திற் சாக்கோமாக் கட்டி. பலமுறை வெட்டியும் அது மீண்டும் வளர்ந்தது. வைத்தியர்கள் கைவிட்ட நிலையில், வெட்டிய புண்ணில் எரிசிப்பெலசு என்னும் செந்தடிப்பு நோய் தொற்றிக்கொண்டது. அந்நாளில் வைத்தியசாலைகளில் அது பெரிதும் அஞ்சப்பட்ட நோய். ஸ்ரெப்ரொகொக்கசு என்னும் பற்றீரியா புண்வழியே புகுந்து தோலைச் செந்நெருப்பாக்கிக் கடுங்காய்ச்சலை உண்டாக்கும். அத்தொழிலாளிக்கும் காய்ச்சல் கொதித்தது. காய்ச்சல் ஏறியபோதெல்லாம் கட்டி சுருங்கியது. ஈற்றில் மறைந்தே போயிற்று. அவன் நடந்து வீடு சென்றான் என்பதோடு ஏடு நின்றுவிட்டது.

ஏட்டை மூடிவைத்துவிட்டு வியந்திருப்பதோடு கோலி அமையவில்லை. ஏழைகள் நெருங்கி வாழும் கீழைப் பகுதித் தெருக்களில் வீடுவீடாக ஏறி இறங்கி அந்த மனிதனைத் தேடினார். கண்டும் பிடித்தார். ஏறத்தாழ ஏழாண்டு கழிந்திருந்தது. கழுத்திலே தழும்பு இருந்தது, கட்டி இல்லை. அறிவியல் வரலாற்றிலே பெரிய கருவிகளால் நிகழ்ந்த கண்டுபிடிப்புக்கள் பல உண்டு. கால்நடையாகச் சென்று கதவைத் தட்டிப் பெற்ற இச்சான்றை அவற்றுக்குக் குறைந்ததாக நான் கருதமாட்டேன்.

1891ஆம் ஆண்டு மே மாதத்திற் கோலி துணிந்துவிட்டார். சோலா என்னும் இத்தாலியர் ஒருவர் கழுத்திலும் தொண்டையிலும் கட்டியுடன், உணவு விழுங்கவும் இயலாது மரணத்தறுவாயில் இருந்தார். அவர் உடலில் உயிருள்ள ஸ்ரெப்ரொகொக்கசுக் கிருமிகளைக் கோலி ஊசிவழி ஏற்றினார். சிறு காய்ச்சல் வந்தது; கட்டி சற்றே அசைந்து கொடுத்தது. மாதக்கணக்கில் முயன்றும் செந்தடிப்பு முழுமையாக வரவில்லை. பின்னர் பேர்லினில் இருந்த கொக் என்பாரின் ஆய்வுகூடத்திலிருந்து வலிமை மிக்க கிருமி வளர்ப்பு ஒன்று கிடைத்தது. அதனை ஏற்றியதும் நோயாளி உயிருக்கே ஊசலாடும் வண்ணம் காய்ச்சல் பற்றிக்கொண்டது. கட்டியும் உடைந்து கரையத் தொடங்கியது. சோலா பிழைத்து ஏறக்குறைய எட்டாண்டு வாழ்ந்தார்.

எல்லோரும் சோலாவைப்போல் நற்பேறு பெற்றவர் அல்லர். உயிருள்ள கிருமியைக் கட்டுப்படுத்த இக்காலத்து மருந்துகள் அன்று இல்லை. கோலியின் நோயாளிகளில் இருவர் புற்றுநோயால் அன்றி, அவர் ஏற்றிய தொற்றாலேயே மாண்டனர். அதன்பின் வெப்பத்தாற் கொல்லப்பட்ட கிருமிகளைக் கையாண்டார்; ஸ்ரெப்ரொகொக்கசோடு, இன்று செராற்றியா என்று வழங்கும் வேறொரு பற்றீரியாவையும் சேர்த்துக்கொண்டார். உயிரற்ற கிருமியாதலின் தொற்று இல்லை. காய்ச்சல் மட்டும் வந்தது. 1893இல் வயிற்றிற் பெருங்கட்டியோடு வந்த பதினாறு வயது இளைஞன் ஒருவனுக்கு இக்கலவையை ஏற்றினார். அவன் குணமடைந்து மேலும் 26 ஆண்டு வாழ்ந்தான்.

அங்ஙனமாயின் உலகம் ஏன் அவரைக் கைவிட்டது? அவருடைய எதிரிகளை வெறும் பொறாமைக்காரர் என்று தள்ளிவிடுதல் முறையன்று. கோலியின் கலவை ஆண்டுக்கு ஆண்டு, தயாரித்தவர்க்குத் தயாரித்தவர் வேறுபட்டது. ஊசியை எங்கே ஏற்றுவது, எத்தனை நாள் ஏற்றுவது என்பவற்றிலும் ஒழுங்கில்லை. சிலர் வியக்கத்தக்க முறையில் தேறினர். வேறு பலரிடம் பயன் காணவில்லை. இந்நிலையில் 1895இல் எக்ஸ் கதிர் வந்தது. அடுத்து இரேடியம் வந்தது. அவற்றின் வலிமையை அளந்து கொடுக்கலாம். விளைவை எவரும் காணலாம். நியூயோர்க்கின் புகழ்பெற்ற நோய்க்குணவியல் அறிஞர் ஜேம்ஸ் யூயிங் கதிர்ச் சிகிச்சையின் பக்கம் உறுதியாக நின்று கோலியின் முறையை எதிர்த்தார். எல்லாவற்றுக்கும் மேலாக, காய்ச்சல் எவ்வாறு கட்டியைக் கரைக்கிறது என்ற கேள்விக்குக் கோலியிடம் விடையில்லை. ஒருவரிடம் பலித்து மற்றவரிடம் பலியாத மருந்துக்குக் காரணமும் கூறவியலாவிடின் ஐயம் எழுதல் இயல்பே.

அவர் மறைந்தபின் அவருடைய மகள் ஹெலன் கோலி நோட்ஸ் தந்தையின் காகிதக் கட்டுக்களைப் பிரித்தார். அவ்வம்மையார் வைத்தியம் பயின்றவர் அல்லர். ஆயினும் பல்லாண்டு உழைத்து, ஏறத்தாழ ஆயிரம் நோயாளரின் குறிப்புக்களைத் திரட்டி ஒழுங்குபடுத்தினார். 1953இல் நெல்சன் றொக்பெல்லர் அளித்த 2,000 டொலர் நன்கொடையுடன் நியூயோர்க்கிற் புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனம் ஒன்றைத் தொடக்கினார். இவ்வரலாற்றிலே பின்வருவனவற்றுட் பல அச்சிறு வித்திலிருந்து கிளைத்தவை.

இனி வழக்கின் மறுபக்கத்தைக் காண்போம். கி.பி. முதலாம் நூற்றாண்டிலே உரோமாபுரி நூலாசிரியர் செல்சஸ் அழற்சியின் குறிகளை நான்காக வகுத்தார்: செம்மை, வீக்கம், வெம்மை, நோவு. முள் தைத்த விரலிலே நாம் யாவரும் கண்டவையே இவை. குருதிக்குழாய்கள் விரிந்து, வெண்குழியங்கள் காயப்பட்ட இடத்தை நோக்கிப் பாய்வதனால் உண்டாகும் கொந்தளிப்பு இது. 1863இல் ஜேர்மானிய அறிஞர் றுடொல்ப் விர்ச்சோ புற்றுக்கட்டிகளை நுணுக்குக்காட்டியில் ஆராய்ந்தபோது, அவற்றினுள்ளே இதே வெண்குழியங்கள் செறிந்திருக்கக் கண்டார். நாட்பட்ட உறுத்தலும் அழற்சியும் உள்ள இடத்திலேதான் புற்றுநோய் முளைக்கிறது என்பது அவர் கொண்ட முடிபு. கோலியோ அழற்சியாற் புற்றுநோய் அழிகிறது என்றார். ஒருவர் தீயினால் வீடு எரிகிறது என்கிறார். மற்றவர் தீயினாற் பகைவர் ஓடுகின்றனர் என்கிறார். இரண்டும் எவ்வாறு ஒருங்கே மெய்யாகும்?

விடை தேடியோர் முதலிற் கோலியின் கலவைக்குள்ளே வேலை செய்த பொருள் யாது என்று ஆராய்ந்தனர். 1943இல் அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிலையத்து மறே ஷியர் என்பவர் செராற்றியாவின் புறச்சுவரிலிருந்து ஒரு பொருளைப் பிரித்தெடுத்தார். அதனை ஏற்றிய எலியின் கட்டிக்குள்ளே குருதி கசிந்து, கட்டி கருகியது. பற்றீரியாவின் உடலோடு ஒன்றிய நஞ்சாதலின் இவ்வகைப் பொருளை அகநஞ்சு என்பர். ஆனால் ஆய்வுகூடக் கண்ணாடிக் கலத்திலே புற்றுக்கலங்களின்மேல் அகநஞ்சை நேரே ஊற்றினால் அவை சாவதில்லை. ஆகவே நஞ்சு தானே கொல்வதில்லை. உடலிலுள்ள வேறொன்றை ஏவிக் கொல்விக்கின்றது.

அந்த வேறொன்றை 1975இல் நியூயோர்க்கிலே லொயிட் ஓல்ட், எலிசபெத் காஸ்வெல் முதலியோர் கண்டறிந்தனர். எலிகளுக்கு முதலிற் பி.சி.ஜி. கிருமியையும், பின்னர் அகநஞ்சையும் ஏற்றி, அவற்றின் குருதித் தெளிவை எடுத்தார்கள். அத்தெளிவைக் கட்டியுள்ள வேறு எலிகளுக்கு ஏற்றியபோது கட்டிகள் கருகின. அதிலிருந்த புரதத்துக்குக் கட்டி அழிப்புக் காரணி என்று பெயரிட்டனர். கோலியின் காய்ச்சலுக்குப் பொருள் கிடைத்துவிட்டது என்ற மகிழ்ச்சி நெடுநாள் நிலைக்கவில்லை. 1985இல் அதே நகரின் றொக்பெல்லர் பல்கலைக்கழகத்திலே அந்தனி செராமியும் புரூஸ் பொயிட்லரும், நாட்பட்ட நோயில் உடல் மெலிந்து உருக்குலையக் காரணமான புரதம் ஒன்றைத் தூய்மைப்படுத்தி ஆராய்ந்தார்கள். பார்த்தால் இரண்டும் ஒரே புரதம். கட்டியைக் கருக்குவதும் அதுவே. நோயாளியை எலும்புந் தோலுமாக்குவதும், குருதி அழுத்தத்தை வீழ்த்தி உயிரைக் குடிப்பதும் அதுவே. புற்றுநோயாளிகளின் உடலெங்கும் செலுத்த முயன்றபோது அதன் கொடுமை பயனை விஞ்சிவிட்டது.

இப்பொழுது எலி வருகின்றது. அமெரிக்காவின் மேயின் மாநிலத்து ஜாக்சன் ஆய்வுகூடத்திலே தலைமுறை தலைமுறையாக வளர்க்கப்பட்டு வந்த எலிக்குலங்களுள் ஒன்று, மற்ற எலிகளைக் கொல்லும் அளவு அகநஞ்சை ஏற்றியும் யாதும் நேராததுபோல் உலாவுவதை 1965இல் ஆராய்ச்சியாளர் கவனித்தனர். நல்ல வரம் என்று தோன்றும். ஆனால் உயிருள்ள கிருமி சிறிதளவு புகுந்தாலும் அந்த எலி விரைவில் மாண்டுபோகும். கள்வன் வந்ததை அறியாத வீட்டுக்காரனுக்கு அச்சமும் இல்லை. வீட்டிலே பொருளும் மிஞ்சுவதில்லை. அகநஞ்சை உணரும் புலன் அவ்வெலிக்குப் பிறப்பிலேயே அற்றுப்போயிருந்தது. அக்குறைபாடு ஒரே பரம்பரையலகில் உள்ளது என்பதும், அது எலியின் நான்காம் நிறமூர்த்தத்தில் இருப்பது என்பதும் 1970களில் தெளிவாயின. ஆனால் ஒரு நிறமூர்த்தம் என்பது கோடிக்கணக்கான எழுத்துக்கள் கொண்ட நூல். அதில் எந்தச் சொல் பிழை?

அதனைத் தேடி 1993இற் புறப்பட்டவர் முன்பு கூறிய பொயிட்லர். அப்பொழுது தெக்சாஸ் மாநிலத்து டலஸ் நகரிற் பணியாற்றினார். அக்காலத்தில் எலியின் முழுப் பரம்பரை வரிசை வாசிக்கப்பட்டிருக்கவில்லை. குறையுள்ள எலியையும் குறையற்ற எலியையும் கலந்து, இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட குட்டிகளைச் சோதித்து, குறை எந்த அடையாளத்தோடு ஒட்டிச் செல்கிறது என்று பார்த்துப் பார்த்து எல்லையைக் குறுக்க வேண்டியிருந்தது. எல்லை குறுகியபின் அதற்குள் இருந்த எழுத்துக்களைத் துண்டு துண்டாக வாசிக்க வேண்டும். ஐந்தாண்டு கழிந்தது, கையில் ஒன்றும் அகப்படவில்லை. 1998ஆம் ஆண்டு செப்தெம்பர் 5ஆம் தேதி இரவு, வாசித்த துண்டொன்றைக் கணனியில் ஒப்பிட்டபோது, பழ ஈயின் தோல் என்னும் பரம்பரையலகோடு உறவுள்ள ஒன்று அங்கே இருப்பது வெளிப்பட்டது. தோல் என்பது நம் உடற்றோல் அன்று. ‘அபாரம்’ என்று வியக்கும் ஜேர்மன் சொல். 1996இல் பிரான்சின் ஸ்ராஸ்பேர்க் நகரிலே ஜூல் ஹொவ்மனும் அவர் குழுவினரும், அப்பரம்பரையலகு கெட்ட ஈக்கள் பூஞ்சணத்தைத் தாங்கமாட்டாது மடிவதை முன்னரே காட்டியிருந்தனர். ஈக்குக் காவல் செய்யும் பொருளின் உறவினமே எலிக்கும் காவல் செய்கின்றது, மனிதனுக்கும் அதுவே. அந்தக் குறைபாடுடைய எலியிலே ஒரேயோர் எழுத்து மாறியிருந்தது. அதனாற் புரதத்தில் ஓர் அமினோவமிலம் மட்டும் வேறாயிற்று. முப்பத்துமூன்றாண்டுப் புதிர் அவ்வளவில் அவிழ்ந்தது.

2011ஆம் ஆண்டு மருத்துவ நோபல் பரிசு பொயிட்லருக்கும் ஹொவ்மனுக்கும், அவர்களோடு றல்ப் ஸ்ரைன்மனுக்கும் அறிவிக்கப்பட்டது. ஸ்ரைன்மன், நிர்ப்பீடனப் படைக்குப் பகைவனை இனங்காட்டும் கிளைவடிவக் கலங்களைக் கண்டவர். கணையப் புற்றுநோய் கொண்டிருந்த அவர், தாம் கண்ட கலங்களையே கொண்டு தமக்குச் சிகிச்சை செய்து பார்த்தார். அறிவிப்புக்கு மூன்று நாள் முன்பு அவர் உயிர் பிரிந்தது. பரிசுக் குழுவினர் அதனை அறியாமலே பெயரை அறிவித்தனர். பின்னரும் அதை மாற்றவில்லை.

எலியின் சாட்சியம் கோலியின் கலவைக்குப் பொருள் தந்தது. செராற்றியாவின் அகநஞ்சை வெண்குழியங்களின் மேலுள்ள அந்தக் காவற்புரதம் பற்றுகின்றது. கலத்தினுள்ளே ஓர் ஆணை ஓடுகின்றது. உறங்கிக் கிடந்த பரம்பரையலகுகள் பல விழித்தெழுந்து கட்டி அழிப்புக் காரணியையும் பிறவற்றையும் சுரக்கச் செய்கின்றன. ஸ்ரெப்ரொகொக்கசுக்கு அகநஞ்சு கிடையாது; அதனை உணர்வது அதே குடும்பத்துப் பிறிதொரு காவலன். கோலி இரண்டையும் கலந்தது, அறியாமலே இரு கதவுகளையும் ஒருங்கே தட்டியதாயிற்று.

விர்ச்சோவின் கட்சிக்கும் பரம்பரையியலே சான்று தந்தது. 1999இற் கட்டி அழிப்புக் காரணியின் பரம்பரையலகை நீக்கிய எலிகளை இலண்டனிற் சோதித்தார்கள். பெயரைப் பார்த்தால் அவற்றுக்குப் புற்றுநோய் மிகுதியாக வரவேண்டும். மாறாக, தோலில் இரசாயனம் பூசி உண்டாக்கும் கட்டிகள் அவற்றிற் குறைந்தே காணப்பட்டன! 2000இல், ஹெலிக்கோபற்றர் பைலோரி என்னும் இரைப்பைக் கிருமியைப்பற்றி ஸ்கொத்லாந்திலும் போலந்திலும் நடந்த ஆய்வு வெளியாயிற்று. அக்கிருமியை வயிற்றிற் சுமப்போர் உலகில் எண்ணிறந்தோர். இரைப்பைப் புற்றுநோய் பெறுவோர் அவர்களுட் சிலரே. இன்ரர்லூக்கின் ஒன்று என்னும் அழற்சிப் புரதத்தின் பரம்பரையலகுத் தொகுதியிற் சில வேறுபாடுகளைப் பிறப்பிலே பெற்றோருக்கு அவ்வாபத்து மிகுதி என்பது தெரியவந்தது. 2004இற் கலிபோர்ணியாவிலே மைக்கேல் கரின் குழுவினர், அழற்சி ஆணையைக் கடத்தும் பரம்பரையலகொன்றை எலியின் குடற்சுவர்க் கலங்களில் மட்டும் நீக்கினர். நாட்பட்ட அழற்சியாற் குடலில் எழும் கட்டிகள் பெரிதும் குறைந்தன.

ஆக இருவரும் கண்டது ஒரே தீயைத்தான். கோலி மூட்டியது சூறையாய் எரிந்து அடங்கும் தீ. விர்ச்சோ கண்டது ஆண்டுக்கணக்கிற் கனலும் உமித்தீ. உமித்தீயிலே கலங்கள் ஓயாது சிதைந்து, ஓயாது பெருகுகின்றன. பெருகுந்தோறும் பரம்பரை எழுத்துக்களிற் பிழை மலிகின்றது. காயத்தை ஆற்ற வந்த வெண்குழியங்களே பிழைபட்ட கலத்துக்குக் குருதியும் ஊட்டமும் சேர்க்கின்றன. எந்த அளவிற் சூறை உமியாகிறது என்னும் வரம்பை வகுப்பதே இன்றும் கடினமான பணி. 2017இல், இதயநோயாளர் பத்தாயிரம் பேருக்கு நடந்த பெருஞ் சோதனையொன்றில் இன்ரர்லூக்கினை அடக்கும் மருந்து பெற்றோரிடையே நுரையீரற் புற்றுநோய் குறைந்திருந்தது. அதே மருந்தைப் புற்றுநோய் முற்றியவர்க்குப் பின்னர் கொடுத்துப் பார்த்தபோது எதிர்பார்த்த பயன் கிட்டவில்லை.

உடலின் நிர்ப்பீடனப் படை புற்றுக்கலங்களைத் தேடியழிக்கிறது என்ற கருத்தும் இதே வகையில் நெடுங்காலம் ஊசலாடியது. 1909இற் போல் ஏர்லிக் அதனைக் கூறினார். 1974இல், கீழ்க்கழுத்துச் சுரப்பியற்ற எலிகளுக்கும் ஏனையவற்றுக்கும் கட்டி தோன்றுவதில் வேறுபாடில்லை என்று ஓர் ஆய்வு காட்டவே கருத்துச் சரிந்தது. அவ்வெலிகளிற் படை முற்றாக அழிந்திருக்கவில்லை என்பது பின்னரே புலனாயிற்று. 2001இல் றொபேட் ஷ்றைபரும் முதிய ஓல்டும், நிணநீர்க்குழியங்கள் அறவே தோன்றாதபடி பரம்பரையலகு நீக்கிய எலிகளிற் கட்டிகள் மிகுவதைக் காட்டி அக்கருத்தை மீட்டனர். அப்படையின் தடைகளை அகற்றும் சிகிச்சைக்காக 2018இல் ஜேம்ஸ் அலிசனும் யப்பானியரான தசுகு ஹொன்ஜோவும் நோபல் பரிசு பெற்றனர். தடை நீங்கிய படை சிலவேளை நோயாளியின் குடலையும் தோலையுமே அழற்சியுறச் செய்வது அச்சிகிச்சையின் விலை.

இறுதியாக நம்மவர் அறிந்த ஒன்று. இலங்கையிலே பிறந்த குழந்தைக்குக் கசநோய் வராதிருக்கக் கையிற் பி.சி.ஜி. ஏற்றுகின்றோம், அதன் தழும்பு நம்மிற் பெரும்பாலோர் தோளிலே உண்டு. அக்கிருமி எலியின் கட்டியைத் தடுக்கவல்லது என்று 1959இல் ஓல்டும் அவர் கூட்டாளிகளும் எழுதினர். 1976இற் கனடாவைச் சேர்ந்த அல்வரோ மொறாலிஸ் என்னும் வைத்தியர், சலப்பைப் புற்றுநோயாளர் ஒன்பது பேரின் சலப்பைக்குள் அதனைச் செலுத்திப் பெற்ற பயனை வெளியிட்டார். சலப்பையின் உட்படையிலே நிற்கும் புற்றுநோயை வெட்டியகற்றியபின் அது மீளாதிருக்க, உலகெங்கும் இன்றும் கையாளப்படும் முறை அதுவே. வாரத்துக்கு ஒருமுறையாக ஆறு வாரம், உயிருள்ள கிருமியை நீரிற் கரைத்துச் சலப்பைக்குள் விடுகின்றார்கள். இரண்டு மணி நேரம் நோயாளி அதனை அடக்கி வைத்திருக்க வேண்டும். அன்றிரவு சிலருக்கு உடம்பு சுடும். ஓரிரு நாளில் அது தணிந்துவிடும் என்று வைத்தியர்கள் முன்கூட்டியே சொல்லி அனுப்புகின்றார்கள்.